சைக்கிள் லைட்டை ராத்திரி முழுக்க சார்ஜில் போடலாமா?

படுக்கப் போகும் முன் எல்லாவற்றையும் சார்ஜில் சொருகிவிட்டுப் போவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். செல்போன், பவர் பேங்க், கொசு பேட் வரிசையில் இப்போது சைக்கிள் லைட்டும் சேர்ந்துவிட்டது. செல்போன்தான் இதைக் கற்றுக்கொடுத்தது என்பார்கள். எனக்கென்னவோ இது எமர்ஜென்சி லைட் காலத்துப் பழக்கம் என்றே படுகிறது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு எமர்ஜென்சி லைட் இருக்கும். தோட்டம் இருந்தால் கூடவே ஒரு பெரிய டார்ச். இரண்டுக்குள்ளும் லெட் ஆசிட் பேட்டரி. பிளக்கில் மாட்டினால் நாள் கணக்கில் மாட்டியபடியே கிடக்கும். கழற்றி வைத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு விழும்.

அந்தப் பேட்டரி அதைத் தாங்கும். நிரம்பிய பிறகும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பெரும்பாலும் பேட்டரி சீக்கிரம் வறண்டு வீணாவதோடு அது நின்றுவிடும். இன்வெர்ட்டருக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அது இப்படிப் போன தண்ணீரை ஈடுகட்டத்தான். நம் மறதிக்கு இடம் கொடுத்த பேட்டரி அது.

சைக்கிள் லைட்டில் இருக்கும் லித்தியம் அயான் செல் அந்த இடத்தைக் கொடுக்காது. ஒரு செல் நிரம்புவது பொதுவாக 4.2 வோல்ட்டில். அதற்கு மேலும் தள்ளினால் ஒரு முனையில் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். மறுமுனையில் இருக்கும் ஆக்சைடு நிலைகுலைந்து சூட்டைக் கிளப்பும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது பாலிஎத்திலீனாக இருந்தால் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும். சுற்றி ஊறியிருக்கும் திரவமோ தீப்பற்றக்கூடியது. தாள் போனால் உள்ளேயே ஷார்ட், ஷார்ட்டால் சூடு, சூட்டால் இன்னும் சூடு. வெளியிலிருந்து ஸ்விட்சை அணைத்தாலும் அந்தக் கட்டத்துக்குப் பிறகு அது கேட்காது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து உலகம் இந்த வகை பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் திரிகிறது. ஒழுங்காகச் செய்த செல்லும் ஒழுங்காகச் செய்த சார்ஜரும் சேர்ந்தால் அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் லைட்டுக்குப் ‘போதும்’ என்று சொல்வது யார்? எமர்ஜென்சி லைட்டுக்கு யாரும் சொல்லவில்லை, பேட்டரியே சமாளித்துக்கொண்டது. இதற்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

லைட்டிலேயே யுஎஸ்பி துளை வைத்திருக்கும் வகையில், சொல்கிற ஆள் லைட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடுகளவு சிப் ஒன்று. டிபி4056 என்பது அந்த வகையில் ரொம்பப் புழங்குவது. மலிவு விலை லைட், டார்ச், ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று எதைப் பிரித்தாலும் அதுவோ அதன் உறவுக்காரர் யாரோ இருப்பார்கள். அது முதலில் ஒரே அளவு கரண்டை விடும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு கரண்டைத் தானாகக் குறையவிடும். ஆரம்பத்தில் விட்டதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததும் நிறுத்திவிடும். சிவப்பு போய்ப் பச்சையோ நீலமோ எரிவது அப்போதுதான். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், கெடுதல் இல்லை. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது தேவையே இல்லை.

இந்த வகை லைட்டைப் பற்றி வரும் சந்தேகம் பெரும்பாலும் செல்போனின் ஃபாஸ்ட் சார்ஜர் பற்றியது. “67 வாட் சார்ஜரில் போட்டால் வெடிக்காதா?” வெடிக்காது. யுஎஸ்பி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். எதிர்முனையில் இருக்கும் பொருள் கேட்டால்தான் மேலே ஏற்றும். லைட்டுக்குக் கேட்கத் தெரியாது. எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பதையும் லைட்டில் இருக்கும் சிப்தான் தீர்மானிக்கிறது. டைப்-சி துளை இருந்தும் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சில லைட்டுகள் சார்ஜே ஏறாது. லைட் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். துளைக்குள் வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். பழைய அகல யுஎஸ்பி முனை உள்ள கேபிளைப் போட்டால் ஏறும். நான் பயப்படுவது ரோட்டோரத்தில் குவித்து விற்கும் பெயரில்லாத அடாப்டருக்கு. 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரித்துவைக்க வேண்டிய இடைவெளியில் அவர்கள் மிச்சம் பிடித்தால், லைட்டைத் தொடுகிற கைக்கு ஷாக் வரும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்ல போன் சார்ஜர் போதும்.

அடுத்தது செல்லைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் போடும் வகை. 18650 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள்; 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. சைக்கிளைவிட நம் பக்கம் இது அதிகம் புழங்குவது நெற்றியில் கட்டும் லைட்டில். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா, த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வந்தால் அதைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் திருப்பப் போவார். பூ பறிக்கிறவர்களுக்கும் விடிவதற்கு முன் அதுதான் கண். ஆகவே நான் சைக்கிள் லைட்டுக்குச் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் அதிகமாக.

பெரியப்பாவின் லைட்டில் இருந்த செல் ஒன்றை ஒருநாள் வெளியே எடுத்துப் பார்த்தேன். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. அடியில் வெல்டிங் வைத்த பட்டையைப் பிய்த்த தழும்பு. மேலே பிளஸ் முனையைச் சுற்றிச் சுருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இந்தக் கிழிசல் சாதாரணமாகத் தெரியும், ஆனால் ஆபத்தான இடம் அதுதான். இந்தச் செல்லில் அடிப்பாகம் மட்டும் மைனஸ் இல்லை. உடம்பு முழுக்க, பிளஸ் பொத்தானைச் சுற்றி மடங்கியிருக்கும் விளிம்பு வரைக்கும் மைனஸ். பொத்தானுக்கும் விளிம்புக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். காப்பாக ஒரு அட்டை வளையமும் அந்த உறையும். உறை கிழிந்து, வளையமும் நகர்ந்து, லைட்டுக்குள்ளிருக்கும் தகடு கொஞ்சம் சாய்ந்து தொட்டால் ஷார்ட்.

“பெரியப்பா, இதை இனிமே போடாதீங்க.”

“ஏன்டா, நல்லாத்தான எரியுது?”

“எரியுது. அதான் பயமா இருக்கு.”

வேறு செல் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் ஒரு கூத்து இருக்கிறது. செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு எம்ஏஎச். இணையத்திலும் கடைத்தெருவிலும் 9800 எம்ஏஎச், 12000 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல்கள் கிடைக்கும். சுத்தப் பொய். நல்ல நிறுவனங்கள் செய்வதே 3500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான் நிற்கிறது. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்: உண்மையான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி 30 கிராமில் நிற்பதும் உண்டு. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், வெளிச்சம் கொஞ்ச நேரம்தானே குறையும் என்று விட முடியாது. உள்ளே இருப்பது 800 எம்ஏஎச் செல் என்றால், பெரிய செல்லுக்கென்று சார்ஜர் அனுப்பும் 1 ஆம்பியர் அதற்கு மிகை. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்த எண் இல்லாததைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்புறம் சார்ஜர். நெற்றி லைட்டோடு இலவசமாக வருமே, சுவரில் நேராகச் சொருகும், இரண்டு முனை மடங்கும் கறுப்பு டப்பா, அதை நான் நம்புவதில்லை. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எது நல்லது என்று வெளியிலிருந்து தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய். பச்சை எரிந்ததும் செல்லை எடுத்து, டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். 4.15-இலிருந்து 4.20 வரை காட்டினால் சரி. நண்பர் ஒருவரின் சார்ஜரில் பச்சை எரிந்த பிறகு செல்லை எடுக்காமல் அதிலேயே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அளந்தோம். 4.2-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு அளந்தோம், மேலும் ஏறியிருந்தது. அதாவது பச்சை விளக்கு எரிகிறதே தவிர, சார்ஜர் நிறுத்தவே இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு ஐந்து மணிக்கு எடுப்பவர் வீட்டில் இது என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டப்பா அன்றைக்கே குப்பைக்குப் போனது.

சில செல்களின் அடியில் வட்டமாக ஒரு பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கும். 4.3 வோல்ட் வாக்கில் அது வெட்டிவிடும். அது இருப்பது நல்லது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஆனால் அது கடைசி வேலி. சார்ஜர் தினமும் அந்த வேலி வரைக்கும் மேயப் போகிறது என்றால், தப்பு சார்ஜரில்.

மூன்றாவது வகை, ஹேண்டில்பாரில் பெரிய லைட்டும் ஃபிரேமில் கட்டிய நாலு செல் பேக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலையில் கேஆர்பி அணைப் பக்கம் மிதிக்கும் ஆட்களில் சிலர் இதை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும். எனக்கு அதிகம் உறுத்துவது இந்த வகைதான். இரண்டிரண்டு செல்லாக ஜோடி சேர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்திருப்பதால் இதன் சார்ஜர் 8.4 வோல்ட். அது பார்ப்பது மொத்தத்தை மட்டும். ஒரு ஜோடி பழசாகி முன்னே பின்னே போனால், ஒன்று 4.05, இன்னொன்று 4.35 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை 8.4 சரியாக வந்துவிடும். சார்ஜர் ‘போதும்’ என்று திருப்தியோடு சொல்லும், ஒரு ஜோடிக்கு எப்போதோ போதும் ஆகியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்தும் சர்க்யூட் மலிவு பேக்குகளில் பெரும்பாலும் கிடையாது. ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் செய்வது இன்று நம் மாவட்டத்துத் தொழில். அந்த ஸ்கூட்டர் பேட்டரிக்குள் வோல்ட்டையும் சூட்டையும் விடாமல் கண்காணிக்க ஒரு தனி மூளையே இருக்கிறது. சைக்கிள் ஃபிரேமில் தொங்கும் பைக்குள் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

இதில் இன்னொரு வினை, அந்தச் சார்ஜரின் பின். வைஃபை ரூட்டருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் வரும் 12 வோல்ட் அடாப்டரின் பின்னும் பெரும்பாலும் அதே அளவு. அப்படியே கச்சிதமாகப் பொருந்தும். வீட்டில் டிவி பின்னால் நாலு கறுப்பு அடாப்டர் கிடக்க, அவசரத்தில் யாரோ ஒருவர் எதையோ எடுத்துச் சொருகினால், 8.4-இல் நிற்க வேண்டியதை 12 வோல்ட் தள்ளிக்கொண்டே போகும். தடுக்க உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாதுகாப்புச் சர்க்யூட்டை நம்பித்தான் வீடே இருக்கும். என் பேக்கின் சார்ஜரில் சிவப்பு டேப் சுற்றி, ‘சைக்கிள் மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

(பால்காரர் சைக்கிளில் டயரோடு உரசிக்கொண்டு ஓடும் 6 வோல்ட், 3 வாட் டைனமோவுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. மேடு வந்தால் முழங்காலுக்குத் தெரியும், வண்டி நின்றால் வெளிச்சமும் நிற்கும்.)

சரி, எங்கே வைத்துச் சார்ஜ் போடுவது? மெத்தை, சோபா, துணி மடித்து வைத்த அலமாரி, பிரிட்ஜ் மேல் விரித்த பூத்துணி, கேஸ் சிலிண்டர் பக்கம், இவை எதுவும் கூடாது. மெத்தை தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் என்பது இன்னொன்று. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் துண்டுக் கல் சும்மா கேட்டாலும் தருவார்கள். அடுப்படி மேடைக்குப் போட்டு மிஞ்சிய துண்டே பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்திருக்கும். அதைத் தரையில் போட்டு, அதன் மேல் லைட்டை வைத்து, சுற்றி இரண்டடிக்குக் காகிதமோ துணியோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. ஒரே ஒரு எச்சரிக்கை: வாசல் கதவுக்கு அருகே வேண்டாம். நீளவாக்கில் கட்டிய நம் வீடுகளில் பிளக் பாயின்ட் வாசலோரம்தான் இருக்கும், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே. அங்கே புகை கிளம்பினால் வீட்டுக்குள் இருப்பவர் வெளியே வர வழி இல்லை.

சூடு இன்னொரு விஷயம். லித்தியம் செல்லைச் சார்ஜ் போட 0 முதல் 45 டிகிரி வரை என்பது பொதுவான வரம்பு. பூஜ்யத்துக்குக் கீழே போட்டால் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தக் கவலை நமக்கு இல்லை, தளி, தேன்கனிக்கோட்டையில் மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் அவ்வளவு தூரம் போகாது. நம் சிக்கல் மேல் முனை. சித்திரை, வைகாசியில் தருமபுரியில் வெளியே 38, 39 டிகிரி என்றால், ஷீட் போட்ட அறைக்குள் மத்தியானம் அதைவிடக் கூடும். சார்ஜ் ஏறும்போது செல் தானாகவும் கொஞ்சம் சூடாகும். ஆகவே கோடையில் பகல் இரண்டு மணிக்கு ஷீட் வீட்டில் சார்ஜ் போடாதீர்கள்; சாயங்காலம் வாசல் தெளித்த பிறகு போடுங்கள். வெயிலில் ஓட்டிவிட்டு வந்த கையோடும் போட வேண்டாம், கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்வரை விடுங்கள். ஜன்னல் திண்டில் வெயில் படும்படி வைத்துச் சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

மழையில் நனைந்து வந்தால் ரப்பர் மூடியைத் திறந்து துளையைப் பாருங்கள். ஐப்பசி மழையை விட நம் வியர்வை மோசம், அதில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு கேபிள் சொருகினால் முனைகளில் பச்சையாகப் பூத்து அரித்துவிடும், சில நேரம் அங்கேயே சூடாகி உருகும். துடைத்து, மூடியைத் திறந்தபடி ஃபேனடியில் வைத்துவிட்டு மறுநாள் போட்டால் போதும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கப் போகிறீர்களா? முழுச் சார்ஜிலும் வேண்டாம், முழுக்கத் தீர்த்தும் வேண்டாம், பாதி போதும். அடியோடு தீர்ந்து 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லுக்குள் தாமிரம் கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும். அதை நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். மறுப்பது சரிதான். இன்னொரு பேட்டரியோடு ஒயர் வைத்து ‘உசுப்பி’ எழுப்பிக் கொடுக்கும் ரிப்பேர் கடைகள் உண்டு. அப்படி எழுந்தது எப்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் என்று கடைக்காரருக்கும் தெரியாது.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. நான் ராத்திரி போடுவதில்லை. சாயங்காலம் வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது போடுகிறேன். 2000 எம்ஏஎச் லைட் அரை ஆம்பியரில் நாலைந்து மணி நேரம். சாப்பிட்டுப் படுப்பதற்குள் முடிந்துவிடும். உள்ளிருக்கும் சிப்பை நம்பவில்லையா என்று கேட்டால், நம்புகிறேன். ஆனால் சிப் பழுதாகும் நாளில் முதலில் வருவது சீறும் சத்தமும், நெயில் பாலிஷ் வாடை மாதிரி ஒரு நெடியும். தூங்குகிறவருக்கு அது எட்டாது. விழித்திருப்பவர் முடிந்தால் ஸ்விட்சை அணைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழைக்கலாம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு லைட்டைக் காப்பாற்றப் போகாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, புகை சேராத திறந்த இடமாக இருந்தால், எட்ட நின்று தண்ணீர் நிறைய ஊற்றலாம். சூட்டைத் தணிக்க அது உதவும்.

உப்பிய பேட்டரியைக் குத்தி ‘காற்றை’ வெளியேற்றுவது, நசுங்கிய செல்லைத் தட்டி நேராக்குவது, இதெல்லாம் செய்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

செத்த செல்லை என்ன செய்வது என்பதற்குத்தான் நம் ஊரில் நல்ல பதில் கிடையாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பவர்களே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்கின்றன. பேட்டரி மேல் குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த படம் அதற்குத்தான். வாங்கிய கடையில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் சுத்தியலுக்குப் போகும். தெருக்கோடிக் குப்பையில் போட்டால், அதை அவ்வப்போது யாராவது கொளுத்துகிறார்கள். அதனால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டு, மாடிப்படிக்கு அடியில், வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். டப்பா பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. பெங்களூருவில் மின்கழிவு வாங்கும் இடம் இருக்கிறது. அடுத்து அந்தப் பக்கம் போகிற நண்பர் யாரோ, அவர் தலையில் கட்ட வேண்டும்.